சந்தனம் இல்லாத மொட்டை

தம்பி,

இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பார்த்து உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் அனுப்புகிற குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று உன் மனைவியே சிரித்துக்கொண்டு சொன்னாள். அம்மா பேசுவது அணில் கத்துவது போல இருக்கிறதாம். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதுவுமில்லாமல், அந்தக் காணொளியை நீ போட்டதும் இந்தக் குழுவில்தான். சித்தப்பா, அத்தை, சிரம்பான் பெரியம்மா என்று ஒருவர் பாக்கியில்லாமல் கைதட்டினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. லிட்டில் இந்தியாவில் நான் தைக்கிற துணிக்கடையில் உள்ள பெண்களுக்கெல்லாம் காட்டி, என் மகன் பாடம் நடத்துகிற அழகைப் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன். கைதட்டல் இங்கே நடந்தது, ஆகவே பேச்சும் இங்கேயே நடக்கட்டும்.

அடுத்த மாதம் நீ கோலாலம்பூருக்கு மாறிப் போகிறாய். எல்லா இனத்துப் பிள்ளைகளையும் அரவணைத்து, அவரவர் பழக்கவழக்கத்தை மதித்து வகுப்பு நடத்துவது எப்படி என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது. எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சியில் முதலில் காட்டப்போவது அந்தக் காணொளிதான் என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் போனில் பேசிப் பார்த்தேன். நீ வழுக்கிக்கொண்டே போகிறாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

பார்த்து மறந்துபோனவர்களுக்காகக் காணொளியில் இருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பத்து காவான் ஊருக்குப் பக்கத்தில் உன் பள்ளி, உன் வரலாற்று வகுப்பு, தைப்பூசம் முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த நேரம். மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மொட்டைத் தலையோடு வந்திருக்கிறான். நீ அவனை முன்னால் அழைத்துத் தோளில் கைபோட்டு, இன்று நமக்குப் பாடம் நடத்த ஒரு நிபுணர் வந்திருக்கிறார் என்று மலாயில் சொல்கிறாய். எல்லோரும் சிரிக்கிறார்கள். தைப்பூசத்தில் ஏன் மொட்டை போடுகிறார்கள் என்று கேட்கிறாய். வேண்டுதல் என்கிறான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனாயா என்று கேட்கிறாய். போனேன் என்கிறான். பால்குடமா, காவடியா என்று கேட்கிறாய். பால்குடம் என்கிறான். யாரோடு போனாய் என்று கேட்கிறாய். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டு எடுத்துவிட்டு, அப்பாவோடு என்கிறான். வகுப்பே கைதட்டுகிறது. நீ அவன் தலையைத் தடவிக் கொடுக்கிறாய். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன வாரம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். அவளுடைய அண்ணி என் பழைய வாடிக்கையாளர். தைப்பூசத்துக்கென்று சிவப்பில் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வரவேயில்லை. நான் அதை எடுத்து வைத்து, என்னம்மா உங்கள் அண்ணி மறந்தே போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"அண்ணி இனிமே இத போட மாட்டாங்கக்கா. வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. அண்ணன் தவறிட்டாரு, தைப்பூசத்துக்கு மூணு நாள் முன்ன. ஃபேக்டரியில வேல செஞ்சிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலி."

நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவளை உட்கார வைத்தேன். மூத்த மகன்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தானாம், அவனே சின்னப் பையன். வீட்டில் இருந்தால் அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று சீக்கிரமே பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லியும் இருக்கிறார்கள்.

"மொத நாளே சார் அவன முன்னுக்குக் கூப்புட்டு, தைப்பூசத்துக்கு மொட்ட போட்டியான்னு கேட்டு, பேச வெச்சி வீடியோ எடுத்துட்டாருக்கா. இவனும் எல்லாத்துக்கும் ஆமா போட்டுட்டு வந்துட்டான். அப்பாகூட தண்ணீர்மல போனேன்னு சொல்லிட்டேன் அத்த, செத்துப்போன அப்பா பேர்ல பொய் சொல்லிட்டேன்னு ஒரே அழுக. அன்னிலேர்ந்து ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறான். அந்த சாரு மலாய்க்காரரா இருந்தா தெரியாம கேட்டாருன்னு விட்டுடலாம். நம்ம ஆளுக்கா. நம்ம ஆளுக்கே தெரியலன்னா யாருகிட்ட போயி சொல்றது?"

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. எந்தப் பள்ளி என்று கேட்டேன். அவள் சொன்னாள். அந்த சார் என் மகன்தான் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சொன்னதும் அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, ஒங்க மகனாக்கா? நல்ல சாருக்கா அவரு. போன வருசத்துலேர்ந்து பையன் அவரப் பத்திதான் பேசுவான். வேற யாராச்சும் கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பான். இவரா இருக்கப் போய்தான் சொல்ல வாய் வரல."

இதைக் கேட்டுவிட்டு நான் எப்படித் தைப்பேன்? ஒரு பிள்ளைக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, அந்த ஒரே காரணத்தால் நீ கொடுத்த வேஷத்தை அவன் போட்டு நடித்திருக்கிறான். சார் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே, இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, இப்போது போய் என் அப்பா செத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது என்று நினைத்திருப்பான். உன் முகம் வாடிவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறான், தம்பி. அப்பனை எரித்துவிட்டு வந்த பிள்ளை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அன்று மத்தியானமே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு யாரும் சொல்லலம்மா. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க, எங்கிட்ட வரல. நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"தலையில சந்தனம் இருந்துச்சாடா?"

"அதெல்லாம் யாரும்மா பாக்குறா? நல்ல எண்ணத்துலதானே செஞ்சேன். விஷயம் தெரிஞ்சதும் அவங்க அம்மாவுக்கு மெசேஜ் போட்டு சாரி சொல்லிட்டேன்லா."

"வீட்டுக்குப் போனியா?"

"போயி என்னம்மா சொல்றது? ஒரு மாதிரியா இருக்கும். வீடியோல அவன் மூஞ்ச மறைச்சிடுறேன், யாருன்னே தெரியாது. ஸ்லைட் எல்லாம் ரெடியா இருக்கு, இப்பப் போயி மாத்த முடியாதுமா."

அலுவலகத்திலிருந்து செய்தி உனக்கு வரவில்லை என்பதை நான் நம்புகிறேன். அதற்காக உன்னைத் திட்டவில்லை. ஆனால் நீ எத்தனை முறை தைப்பூசத்துக்கு மொட்டை போட்டிருக்கிறாய்? ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்குவதற்குள் தலை நிறையச் சந்தனம் அப்பி, காதுவரை மஞ்சளாக வழிய வீட்டுக்கு வந்தவன்தானே நீ. அந்தப் பையன் தலையில் ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை, நெற்றியில் திருநீறு இல்லை. உன் தாத்தா இறந்தபோது உன் அப்பாவும் அப்படித்தான் வெறுந்தலையோடு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். என்ன, தண்ணீர்மலை போனியா என்று படகுத்துறையில் சிரித்துக்கொண்டே கேட்டவனை அவர் ஒரு வாரம் திட்டித் தீர்த்ததை நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாத விஷயமா இது? தெரியும். அந்த நேரத்தில் உன் கண்ணில் பையன் படவில்லை. தைப்பூசம்தான் பட்டது. நல்ல பாடம் ஒன்று கையில் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் பட்டது.

எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? ஒரு மலாய் ஆசிரியரோ சீன ஆசிரியரோ அந்த இடத்தில் இருந்திருந்தால், நமக்குத் தெரியாத சமாசாரம், எதற்கும் தனியாகக் கேட்டுக்கொள்வோம் என்று ஒரு நிமிடம் தயங்கியிருப்பார். நீ தயங்கவில்லை, ஏனென்றால் நீ நம்ம ஆள். நம் பண்பாடு எனக்குத் தெரியும், ஆகவே இந்தப் பையனையும் எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாய். அதை வைத்துக்கொண்டுதான் கோலாலம்பூரில் போய் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கப்போகிறாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நீயே பட்டவன் என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன புதிதில் உன் வகுப்பில் இந்தியப் பிள்ளை நீ ஒருவன்தான். இந்தியர் சம்பந்தமாக எது வந்தாலும் அந்த வகுப்பு ஆசிரியை உன்னை எழுப்பிவிடுவார். பொட்டு ஏன் வைக்கிறார்கள், மாட்டை ஏன் கும்பிடுகிறார்கள், சாமிக்கு ஏன் நான்கு கை. நீ சாயங்காலம் வந்து என்னைக் கேட்பாய். நான் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே, எனக்கும் தெரியாதுடா, உங்கள் டீச்சரையே கோயிலுக்குப் போய்ப் பார்க்கச் சொல் என்பேன். ஒரு நாள் நீ பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்: "மத்த பசங்க தப்பா சொன்னா அவன் தப்பு, அவ்ளோதான். நான் தப்பா சொன்னா எல்லாத் தமிழங்களுமே தப்பாயிடறாங்கம்மா." எனக்கு வந்ததே கோபம். மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய், என் அரைகுறைச் சந்தை மலாயில் அந்த டீச்சரை ஒரு பிடி பிடித்தேன். அவர் கெட்டவர் இல்லை, பாவம், மிரண்டுபோய்விட்டார். அதற்கப்புறம் அவர் உன்னை எதற்குமே எழுப்பவில்லை. நீ கை தூக்கினாலும் பார்க்க மாட்டார். உனக்கு விடை தெரிந்த கேள்விகளும் உன்னைத் தாண்டிப் போயின. அந்த வருஷம் முழுக்க நீ அங்கே கிடக்கிற மேசை நாற்காலி மாதிரி இருந்தாய். பிள்ளையைக் காட்சிப் பொருளாக நிறுத்துவதும் வம்பே வேண்டாம் என்று ஒதுக்கிவைப்பதும், இரண்டும் உனக்கே நடந்திருக்கிறது.

சரியாகச் செய்தவரும் ஒருவர் இருந்தார், மறந்துவிட்டாயா? உன் கணக்கு ஆசிரியை, மலாய்க்கார அம்மா. உனக்கு அம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நீ பள்ளிக்குத் திரும்பியபோது கழுத்தெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் வேப்பிலை வாசம். பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். அந்த அம்மா யாரையும் அதட்டவில்லை, உன்னை முன்னால் நிறுத்தி வேப்பிலை மகிமை பேசச் சொல்லவும் இல்லை. புத்தகம் வாங்குகிற சாக்கில் உன் மேசைக்கு வந்து குனிந்து, நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று உனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். நீ சொன்னாய். மற்றவர்களுக்கு நான் விளக்கட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விட்டுவிடச் சொன்னாய். விட்டுவிட்டார். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் போட்டு, மணி அடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்து புத்தகங்களைத் திருத்தினார். மறுநாள் பையன்களும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள். இதை என்னிடம் சொன்னவனே நீதான். உனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம் இது, இதற்கு ஸ்லைடு எதுவும் தேவையில்லை.

அந்தக் காணொளியை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதல் தடவை நம் எல்லோர் கண்ணும் நடுவில் நின்ற பையன் மேல்தான் இருந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு சீனப் பையன் இருக்கிறான், பார். நீ தண்ணீர்மலை பற்றிக் கேட்கும்போதே கை தூக்கிவிட்டான். சார், சார் என்கிறான். நீ அவன் பக்கம் திரும்பாமலே செகெஜாப், கொஞ்சம் இரு, உன் முறை வரும் என்கிறாய். அவன் இன்னொரு தடவை தூக்குகிறான். அப்பாவோடு என்று பதில் வந்ததும் கையை இறக்கிவிட்டு மேசையைப் பார்க்கிறான். எல்லோரும் கைதட்டும்போது அவன் தட்டவில்லை. அந்தச் சீனப் பையனும் அவன் அம்மாவும் சாவு வீட்டுக்கு வந்திருந்தார்களாம், கடைக்கு வந்த அந்த அத்தைதான் சொன்னாள். உன் வகுப்பிலேயே விஷயம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து உன்னைத் தடுக்கப் பார்த்திருக்கிறான். உன் வகுப்பின் பின்சுவரில் நம் முறுக்கும் சீனர்களின் நிலாப் பலகாரமும் மலாய்க்காரர்களின் கெத்துப்பாட்டுச் சோறும் படமாகத் தொங்குகின்றன. பக்கத்து நாற்காலிக்காரனுக்காக ஒருவன் கை தூக்கினானே, நீ சொல்கிற ஒற்றுமை அதுதான். அவனைத்தான் நீ உட்கார வைத்துவிட்டாய்.

நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் மேல் உனக்கு இருக்கிற அக்கறை எனக்குத் தெரியும். உன் அப்பா, அவன் வாத்தியார், அவனுக்குத் தெரியாதா, விட்டுத்தொலை என்கிறார். விட மாட்டேன். நீ ஒரு வகுப்பில் இருந்தவரை ஒரு பையனோடு போயிற்று. இனி நீ சொல்வதைக் கேட்டு எத்தனையோ ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் எவனையாவது எழுப்பி, வா, உங்கள் பண்டிகையைப் பற்றிச் சொல் என்று தோளில் கைபோடப் போகிறார்கள். அந்தப் பிள்ளை கிறிஸ்தவனாக இருக்கலாம், தமிழ் முஸ்லிமாக இருக்கலாம், அந்த வருஷம் வீட்டில் பண்டிகையே இல்லாதவனாக இருக்கலாம். முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இடம் கொடுங்கள், அப்படிச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள் என்று அவர்களிடம் யார் சொல்வது? நீதான் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கதையைச் சொல்லக்கூட உனக்கு இப்போது உரிமை கிடையாது. அதை அந்தப் பையனும் அவன் அம்மாவும் தர வேண்டும். நான் இதை எழுதுவதற்கே அந்த அம்மாவிடம் கேட்டேன். என் பையன் பேரைப் போடாமல், உங்கள் சொந்தக்காரர்கள் போனிலிருந்து அந்த வீடியோவை அழித்துவிடுவார்கள் என்றால் எழுதுங்கள் என்றார். குழுவில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், யார் யார் போனில் அது இருக்கிறதோ இன்றைக்கே அழித்துவிடுங்கள். நான் அழித்துவிட்டேன். கடைப் பெண்கள் போனிலும் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். உன்னுடையதிலும் அழி. முகத்தை மறைத்துக் காட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், தன் குரல் எது என்று அவனுக்குத் தெரியாதா?

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம். அதற்கு யாரும் அழைக்கத் தேவையில்லை, தெரிந்தவர்கள் போவதுதான் முறை. நீ போக வேண்டும். பள்ளியிலிருந்து குழுவாக வேண்டாம், பழக்கூடை வேண்டாம், தலைமையாசிரியரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் போய், கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள், அங்கே உட்கார். அவன் வேலையாக இருப்பான், அய்யர் சொல்கிறபடி செய்துகொண்டிருப்பான். முடிகிறவரை இரு. ஒரு மாதிரியாக இருக்கும் என்றாயே, இருக்கட்டும். அவன் அத்தனை பேர் முன்னால் நின்றதைவிட அது ஒன்றும் கஷ்டமில்லை.

போய் என்ன சொல்வது என்று கேட்டாய் அல்லவா? நானும் யோசித்தேன், எனக்கும் தெரியவில்லை. இன்று காலையில் அவன் அத்தைக்குப் போன் செய்து பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். உன்மேல் கோபமாக இருக்கிறானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் சொன்னது இதுதான்.

"கோவமெல்லாம் இல்லக்கா. வேற ஒண்ணுதான் தெனமும் கேக்குறான். சார்கிட்ட பொய் சொல்லிட்டேனே, அவருக்குத் தெரிஞ்சி போச்சா, எம்மேல கோவமா இருப்பாரா அத்தன்னு கேக்குறான். அதுக்குப் பயந்துக்கிட்டுதான் ஸ்கூலுக்கே போகாம இருக்கான்க்கா. நான் என்ன சொல்லட்டும்?"

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாரே வந்து பதில் சொல்வார் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவனிடமும் அதைச் சொல்லிவிட்டார்களாம்.

அம்மா